வாசலில் யாரை நிறுத்துவது?

வேளச்சேரி, பெருங்குடி பக்கத்துப் புது அடுக்குமாடிகளில் சங்கக் கூட்டம் என்றால் இந்தச் சண்டை கட்டாயம் உண்டு: ஆளைப் பார்த்து நிறுத்துவதா, வருகிற எல்லாரையும் நிறுத்துவதா?

செலவு: முதலாவதற்கு வாட்ச்மேன் கண் போதும். இரண்டாவதற்கு வருகிறவர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு நோட்டு, வீட்டுக்காரரிடம் கேட்க இன்டர்காம்.

வேகம்: முதலாவதுதான். காலையில் ஸ்கூல் வேனும் கூரியரும் ஒன்றாக வந்து நிற்கும்போது நோட்டை நீட்டினால் ஹாரன் சத்தம் தாங்காது.

பாதுகாப்பு: விஷயமே இங்கேதான். இந்தி பேசும் பெயின்டரிடம் ஆதார் கேட்கிற அதே வாட்ச்மேன், இஸ்திரி போட்ட சட்டையும் லேப்டாப் பையுமாக வருகிறவருக்கு சல்யூட் அடித்து லிஃப்டைக் காட்டுவார். திருட வருகிறவனுக்கு ஒரு நல்ல சட்டை கிடைக்காதா என்ன?

மரியாதை: எல்லாரிடமும் கேட்டால் யாருக்கும் உறைக்காது. என் மாமனாரே முணுமுணுத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

நாலே வீடு உள்ள பழைய மயிலாப்பூர் ஃபிளாட்டுக்கு நோட்டு வேண்டாம், முகம் தெரியும். நூறு வீடு என்றால் எல்லாருக்கும் ஒரே கேள்விதான் சரி. அப்புறம், ‘அவரும் ஆளைப் பார்த்துத்தானே சந்தேகப்படுகிறார்’ என்று, ராத்திரி ஆட்டோ நம்பரை வீட்டுக்கு அனுப்பும் பெண்ணை இந்தச் சண்டையில் இழுக்காதீர்கள். டிரைவர் யாராக இருந்தாலும் அந்தப் பெண் அனுப்பத்தான் செய்வார். அவசர உதவி எண் 112-ஐயும் கைவசம் வைத்திருப்பார்.