உப்பிய பேட்டரியும் ஸ்டீவ் ஜாப்ஸின் பசையும்

லேப்டாப் சர்வீஸிலிருந்து வந்துவிட்டது. நன்றாகவே ஓடுகிறது. கோபம்தான் இன்னும் இறங்கவில்லை. இறங்குவதற்குள் எழுதிவிடுவது நல்லது, ஏனென்றால் புதிதாகத் தொழில் தொடங்கப்போகும் நண்பர் ஒருவர், "நீ வெச்சிருக்கிறதையே நானும் வாங்கிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். பிராசஸர், ரேம், திரை அளவு எல்லாம் அவரே பார்த்துவிட்டார். வருஷக்கணக்கில் அதை வைத்துப் பிழைப்பு நடத்தினால் எப்படி இருக்கும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

கம்பெனி பெயர் வேண்டாம். சொன்னால் பேச்சு அந்தக் கம்பெனியோடு நின்றுவிடும். மெல்லிய அலுமினிய உடம்பு, நாம் திறக்கக்கூடாத அடிப்பாகம், பசை போட்டு ஒட்டிய பேட்டரி, போர்டிலேயே சாலிடர் செய்த ரேம் என்று லேப்டாப் செய்யாத கம்பெனி இன்று அரிது. எல்லாரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள். வாத்தியார் 2011 அக்டோபர் 5 அன்று போய்ச் சேர்ந்தார். பாடம் மட்டும் மாறவில்லை. அதனால் இந்த அனுபவப் பகிர்வில் பாதி என் மெஷினைப் பற்றி, மீதி அந்த வாத்தியாரான, ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸைப் பற்றி.

நான் செய்வது லேபிள், பெட்டி அட்டை வடிவமைப்பு. சின்ன அளவில் அச்சும் உண்டு. கூட இரண்டு பேர் வேலை செய்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என் தொழிலே ஜாப்ஸ் திறந்துவிட்ட வழியில் வந்தது. 1985இல் ஆப்பிள் லேசர்ரைட்டர் என்ற பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 6,995 டாலர். அதற்குள் இருந்தது, பக்கத்தில் எழுத்தும் படமும் எப்படி வர வேண்டும் என்று பிரிண்டருக்குச் சொல்லும் மொழியான அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட். ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் தொடங்கியிருந்த அந்தச் சின்னக் கம்பெனியைப் பிடித்து, இதை எங்கள் பிரிண்டருக்குக் கொடுங்கள் என்று சம்மதிக்க வைத்தவர் ஜாப்ஸ். அதே ஆண்டு ஆல்டஸ் கம்பெனியின் பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருள் வந்தது. எழுத்துக் கோக்க ஒரு இடம், படம் எடுக்க ஒரு இடம், வெட்டி ஒட்டிப் பக்கம் கட்ட ஒரு ஆள் என்று சிதறிக் கிடந்த வேலை ஒரு மேஜைக்கு வந்து சேர்ந்தது. நாம் டி.டி.பி. (டெஸ்க்டாப் பப்ளிஷிங்) என்று சொல்வது அதைத்தான். விலை பயங்கரம்தான், ஆனால் ஆப்பிளின் மேகின்டாஷ் கம்ப்யூட்டர்கள் பல ஒரே கேபிள் இணைப்பில் அந்த ஒரு பிரிண்டரைப் பகிர்ந்துகொள்ளலாம். சின்ன ஆபீஸ்களுக்கு அதைக் கட்டுப்படியாக்கியது இந்தப் பகிர்வுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து, நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம். பில் போடுவதற்கும் ஆர்டர் பார்ப்பதற்கும் ஒரு டேப்லெட் வைத்திருக்கிறோம். லேப்டாப் செய்த கம்பெனியினுடையது அல்ல, வேறு. முன்பெல்லாம் புது ஆள் வந்தால் பில்லிங் சாஃப்ட்வேரைச் சொல்லிக்கொடுப்பதே தனி வேலை. எஃப்3 அழுத்தினால் இது, எஃப்7 அழுத்தினால் அது என்று பேப்பரில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைப்போம். டேப்லெட் வந்தபின் அந்தப் பேப்பர் காணாமல் போய்விட்டது. இப்போது இருக்கும் பெண் வேலைக்குச் சேர்ந்த அன்றே, ஒருவர் தன் ஆர்டரில் பாதியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நான் போனில் இருந்தேன். அவள் பில்லில் அந்த வரியை இடப்பக்கமாகத் தள்ளினாள், நீக்கும் பொத்தான் வந்தது, அழுத்தினாள், தொகை மாறியது. நான் எதையுமே காட்டவில்லை. அவளுடைய போனிலும் அப்படித்தானே இருக்கிறது.

அதே டேப்லெட்டில் இன்னொன்று. ஆர்டர் பட்டியலை விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனால், கடைசி ஆர்டர் வந்ததும் பட்டியல் சட்டென்று முட்டி நிற்காது. கொஞ்சம் இழுபட்டு, மெதுவாகத் தன் இடத்துக்குத் திரும்பும். அவ்வளவுதான், இனி ஒன்றும் இல்லை என்று கைக்கே தெரிந்துவிடும். பழைய சாஃப்ட்வேரில் இதே இடத்தில் "சார், ஹேங் ஆயிடுச்சு" என்று குரல் வரும். இந்த இழுவையை ஆப்பிளில் உருவாக்கியவர் பாஸ் ஆர்டிங் என்ற வடிவமைப்பாளர். இதைப் பார்த்தபோதுதான் இதை வைத்து ஒரு போனே செய்துவிடலாம் என்று தனக்குத் தோன்றியதாக ஜாப்ஸ் 2010இல் மேடையில் சொன்னார். பட்டியல் முடியும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று மெனக்கெட்ட ஆட்களை வைத்து வேலை வாங்கிய மனிதர். அதற்காக அவரை எத்தனை முறை வேண்டுமானாலும் கும்பிடலாம்.

சரி, இப்போது பேட்டரி.

முதலில் டச்பேடின் இடது மூலை கிளிக் ஆகும், வலது மூலை ஆகாது. தூசி என்று நினைத்து ஊதிப் பார்த்தோம். அப்புறம் மேஜையில் வைத்தால் லேப்டாப் லேசாக ஆட ஆரம்பித்தது. கடைசியில் மூடியை மூடினால் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி. உள்ளே பேட்டரி உப்பிவிட்டது. உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. அழுத்தக்கூடாது, சார்ஜ் போடக்கூடாது, அப்படியே வைத்துக்கொண்டு வேலை செய்யவும் கூடாது.

பேட்டரி தேய்வதற்காக யாரையும் திட்ட முடியாது. இத்தனை வருஷம் உழைத்த பேட்டரி, வேதியியல் தன் வேலையைச் செய்கிறது. என் ஆத்திரம் அடுத்து நடந்ததன் மேல். "பேட்டரி தனியா வராதுங்க" என்றார் சர்வீஸ் சென்டரில் இருந்தவர். கீபோர்டு, மேல் தட்டு, டச்பேட், பேட்டரி எல்லாம் சேர்ந்து ஒரே பாகமாகத்தான் வருமாம், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறார்கள். ஒரு குறையும் இல்லாத கீபோர்டு குப்பைக்குப் போகிறது, அதற்கும் சேர்த்து நான் பணம் கட்டுகிறேன். அப்புறம் ஒரு படிவம்: டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பில்லை, கையெழுத்துப் போடுங்கள். டேட்டா என்னிடம் தனியாக இருக்கிறது, அது பிரச்சினை இல்லை. ஆனால் அந்த லேப்டாப்பில் வாடிக்கையாளர்கள் இன்னும் வெளியிடாத பொருட்களின் லேபிள்கள் இருந்தன. பழைய மெஷினாக இருந்தால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறும் மெஷினைக் கொடுத்திருப்பேன். இதில் ஸ்டோரேஜும் போர்டோடு சாலிடர். முழுவதையும் அழித்துவிட்டுக் கொடுத்தேன், திரும்பி வந்ததும் முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். பெரிய ஆபீஸில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, ஸ்பேர் மெஷின் இருக்கும், ஐடி ஆள் இருப்பார். மூன்று பேர் இருக்கும் இடத்தில் ஒரு மெஷின் சர்வீஸுக்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு தொழில் சர்வீஸுக்குப் போகிறது.

இதற்கு ஜாப்ஸை ஏன் இழுக்கிறேன்? மெஷினைத் திறந்து மாற்ற விடுவதா, பூட்டிவைப்பதா என்பது ஆப்பிளுக்குள்ளேயே முதல் நாளிலிருந்து நடந்த சண்டை. 1977இல் ஆப்பிள் டூ வந்தபோது, கூடுதல் வசதிக்கான கார்டு செருக எத்தனை ஸ்லாட் வைப்பது என்று, அதை வடிவமைத்த கூட்டாளி ஸ்டீவ் வாஸ்னியாக்குக்கும் ஜாப்ஸுக்கும் தகராறு. பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று, 2 போதும் என்றார் ஜாப்ஸ். எட்டுதான், இல்லையென்றால் வேறு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள் என்ற தோரணையில் நின்றார் வாஸ்னியாக். அந்த ஒரு முறை வாஸ்னியாக் ஜெயித்தார். அதனால் ஜெயித்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். ஆப்பிள் டூ ஒரு வரியில் 40 எழுத்துதான் காட்டும். கடிதம் அடிக்க 80 வேண்டுமா, கார்டு வாங்கிச் செருகலாம். ஃப்ளாப்பி டிரைவ் வேண்டுமா, அதற்கும் கார்டு. 1979இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் தனிநபர் கம்ப்யூட்டருக்கான முதல் கணக்குத்தாள் (ஸ்ப்ரெட்ஷீட்) மென்பொருளான விசிகால்க்கைக் கொண்டுவந்தபோது, அதற்காகவே சின்னத் தொழில் செய்பவர்கள் ஆப்பிள் டூ வாங்கினார்கள். 1993 வரை அந்த வரிசை விற்பனையில் இருந்தது. திறந்து பார்க்கலாம், சேர்க்கலாம், மாற்றலாம் என்பதால்தான் அத்தனை வருஷம் தாங்கியது.

ஜாப்ஸ் தன் கைப்பட வழிநடத்திய 1984 மேகின்டாஷில் ஸ்லாட்டே கிடையாது. விசிறியும் கிடையாது, சத்தம் போடுமாம். நினைவகம் 128 கேபி, வாங்கியவர் தானாகக் கூட்ட வழியில்லை. பெட்டியைத் திறக்க நீளக் கழுத்துள்ள தனி வகை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். அந்தப் பெட்டியின் உட்புறத்தில், அதைச் செய்த குழுவினரின் கையெழுத்துகளைப் பொறிக்கச் சொன்னார் அவர். ஓவியர்கள் தங்கள் படைப்பில் கையெழுத்துப் போடுவார்கள் அல்லவா, அந்த எண்ணம். அவருடைய அப்பா பால் ஜாப்ஸ் மரவேலையில் யாரும் பார்க்காத பின்பக்கத்தையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று சொல்லி வளர்த்ததாக ஒரு கதையை எல்லாத் தொழில்முனைவோர் கூட்டங்களிலும் சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனால் மகன் அந்தப் பின்பக்கத்தை இழைத்து முடித்த கையோடு பூட்டிவிட்டார் என்பதை யாரும் சொல்வதில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி வேறு. மேகின்டாஷின் போர்டை வடிவமைத்த பர்ரெல் ஸ்மித், பின்னால் விரிவாக்கத்துக்கு உதவும் என்று ஒரு இணைப்பை வைத்துப் பார்த்தார். பழுது சோதிக்கும் போர்ட் என்று அதற்குப் பெயரும் சூட்டினார். கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள். ஆனால் நினைவகத்தை 512 கேபி வரை கூட்டுவதற்கான வழியை அவர் போர்டில் விட்டுவைத்தது தப்பித்தது. அந்த 1984 செப்டம்பரிலேயே 512 கேபி மேகின்டாஷ் வந்தது. மறு வருஷம் வந்த பேஜ்மேக்கருக்கு அந்த 512 தேவைப்பட்டது. அதாவது டி.டி.பி. பிழைத்ததற்குப் பாதிக் காரணம் ஜாப்ஸின் கண், மறுபாதிக் காரணம் ஜாப்ஸ் பேச்சைக் கேட்காத ஒரு இன்ஜினியர். இந்தக் கதையையும் யாராவது கூட்டத்தில் சொல்லலாம்.

நியாயத்துக்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன். ஒட்டிய பேட்டரி வெறும் பிடிவாதம் இல்லை. கழற்றி மாட்டும் பேட்டரிக்கு ஒரு உறை, ஒரு கொக்கி, ஒரு தடுப்பு வேண்டும். எல்லாம் இடத்தைத் தின்னும். அந்த இடத்திலும் பேட்டரியையே நிரப்பினால் அதிக நேரம் ஓடும். 2009இல் ஆப்பிள் 17 அங்குல மேக்புக் ப்ரோவில் பேட்டரியை உள்ளே வைத்து மூடியபோது 8 மணி நேரம் வரை ஓடும் என்று சொன்ன காரணம் இதுதான். என் லேப்டாப்பும் அப்படித்தான். சார்ஜரே எடுக்காமல் வாடிக்கையாளர் இடத்துக்குப் போய், மாலை வரை உட்கார்ந்து திருத்தம் செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கீழே ஒரு முறை விழுந்தும் ஒரு கிறீச் சத்தம் கிடையாது. இத்தனை காலமும், பேட்டரி உப்பும் வரை, கம்ப்யூட்டர் என்று ஒன்று இருப்பதையே மறந்து வேலை செய்தேன். ஒரு கருவிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஜாப்ஸ் மாதிரி ஆக முயலும் தொழில்காரர்களையும் பார்த்திருக்கிறேன். கறுப்பு டி-ஷர்ட், வேலையாட்கள் மேல் கத்தல், வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று வாடிக்கையாளருக்கே தெரியாது என்ற பேச்சு. என் வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று நன்றாகவே தெரியும், லோகோ இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும். ஜாப்ஸிடமிருந்து எங்களுக்கு உண்மையில் உதவியது வேறு. 1997இல் ஆப்பிளுக்குத் திரும்பியதும் பலகையில் நான்கு கட்டம் போட்டு, இந்த நான்கு வகைக் கம்ப்யூட்டரைத் தவிர மற்றதெல்லாம் வேண்டாம் என்று வெட்டினார். நானும் பேனர், விசிட்டிங் கார்டு, அழைப்பிதழ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு லேபிளோடும் பெட்டியோடும் நின்றுகொண்டேன். நிம்மதியாக இருக்கிறது. அதற்குக் கத்த வேண்டிய அவசியம் வரவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விதிவிலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு சந்தைக்கு அப்படிச் செய்தால் மற்ற சந்தைகளுக்கும் அதுவே வரும் என்று நம்புகிறேன்.

ஆக, நண்பருக்கு. நான் பயன்படுத்தியதிலேயே சிறந்த மெஷின் இது. வாங்காதே. அடிப்பாகத்தைச் சாதாரண ஸ்க்ரூவால் திறக்க முடிகிற, பேட்டரி தனிப் பாகமாகக் கிடைக்கிற, ஸ்டோரேஜைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள முடிகிற லேப்டாப்பாகப் பார். கொஞ்சம் தடிமனாக இருக்கும், பார்க்க சுமாராக இருக்கும், டச்பேட் இந்த அளவுக்கு வழுவழுப்பாக இருக்காது, நீயும் முதல் மாதம் என்னைத் திட்டுவாய். கடைக்கு மட்டும் டேப்லெட் வாங்கிக்கொள், அதில் யோசிக்கவே வேண்டாம். அதுவும் பசை போட்டு ஒட்டியதுதான், தெரியும். அது உப்பும்போது அதைப் பற்றியும் எழுதுகிறேன்.