ஒரு நீதிபதியைத் தீர்ப்புகளின் வழியே அறிய: கார்ல்ஸ்ரூஹே நீதிமன்றத்தின் இணையதளம்

ஜெர்மனியின் உயர்நிலை நீதிபதி ஒருவரின் பணிவாழ்வை ஊன்றிப் படிக்க விரும்புவோருக்கு, கார்ல்ஸ்ரூஹே நகரில் உள்ள கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றத்தின் இணையதளத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். கட்டணம் கிடையாது. 1998 முதலான முக்கியத் தீர்ப்புகள் ஜெர்மன் மொழியில் முழுமையாக உள்ளன. அவற்றுள் தேர்ந்தெடுத்தவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு.

2020 முதல் தலைவராக இருக்கும் ஸ்டெஃபான் ஹார்பார்ட்டை எடுத்துக்கொள்வோம். 1971-இல் ஹைடெல்பெர்க்கில் பிறந்தவர். அங்கும் யேல் பல்கலைக்கழகத்திலும் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். 2009 முதல் 2018 வரை கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். 2018 இறுதியில் நேரடியாக இந்நீதிமன்றத்தின் துணைத் தலைவர். கட்சி அரசியலிலிருந்து நீதிபதி இருக்கைக்கு வந்தது அப்போதே விமர்சிக்கப்பட்டது. எட்டுப் பேர் கொண்ட ஓர் அமர்வில் மூவர் மட்டுமே கூட்டாட்சி உச்ச நீதிமன்றங்களிலிருந்து வந்தாக வேண்டும் என்பதும், தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்ற அவையில் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை தேவைப்படுவதால் எந்தக் கட்சியும் தனித்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதும், பன்னிரண்டு ஆண்டுப் பதவிக்காலத்துக்குப் பின் மறுதேர்வு கிடையாது என்பதும் தெரிந்தால்தான் அந்த நியமனத்தை நியாயமாக எடைபோட முடியும்.

அந்த விமர்சனத்துக்கான விடையை வாழ்க்கைக் குறிப்பில் தேடுவதைவிடத் தீர்ப்புகளில் தேடுவதே சரி. 2021 மார்ச் 24 அன்று முதலாம் அமர்வு வழங்கிய காலநிலை ஆணையைத் திறந்து பாருங்கள். மொத்தம் 270 பத்திகள், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. முறையீட்டாளர்களில் வங்கதேசத்திலும் நேபாளத்திலும் வாழ்பவர்களும் இருந்தார்கள். 2030-க்குப் பிந்தைய உமிழ்வுக் குறைப்பைப் போதுமான அளவு வரையறுக்காமல் விட்டதால் பெரும் சுமை இளைய தலைமுறையின் சுதந்திரங்கள் மீது விழுகிறது என்று கூறி, 2019-ஆம் ஆண்டுக் காலநிலைப் பாதுகாப்புச் சட்டத்தின் சில பிரிவுகளை அமர்வு அரசியலமைப்புக்கு முரணானவை என அறிவித்தது. அது ஹார்பார்ட்டின் சொந்தக் கட்சி தலைமை தாங்கிய கூட்டணி இயற்றிய சட்டம்! ஆணையின் முடிவில் எட்டு நீதிபதிகளின் பெயர்கள், அவற்றுள் முதலாவது அவருடையது.

எந்தப் பத்தியை யார் எழுதினார் என்று மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. அமர்வு ஒரே குரலில் பேசுவது அங்குள்ள மரபு. 1970 முதல் மாறுபட்ட கருத்தை வெளியிட அனுமதி உண்டு என்றாலும், இந்த ஆணையில் அப்படி எதுவும் இல்லை. இதைத் தளத்தின் குறையாகச் சொல்ல மாட்டேன்.

உண்மையான குறை கால எல்லையில் இருக்கிறது. முதல் பெண் தலைவரான யுட்டா லிம்பாக் 1994 முதல் 2002 வரை பொறுப்பு வகித்தார். அவருடைய தொடக்க ஆண்டுகளை அறிய அச்சிட்ட தீர்ப்புத் தொகுதிகளைத்தான் நாட வேண்டியிருக்கும்.

புதிதாக நுழைபவர்கள் முதலில் ஆங்கிலச் செய்திக்குறிப்பைப் படித்துவிட்டு, பிறகு தீர்ப்பின் தொடக்கத்தில் உள்ள சுருக்கக் கோட்பாடுகளுக்கும் அதன்பின் பத்திகளுக்கும் செல்வது நல்லது.