கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும் குக்கர்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துப் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கடையில் வாங்கிய ஸ்மார்ட் குக்கர். ஏழு மாதம் ஆகிறது, இப்போது அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறேன். பருப்பு நன்றாகத்தான் குழைகிறது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் போன புரட்டாசி சனிக்கிழமை சாம்பாருக்குப் பருப்பை வைத்துவிட்டு விளக்கு துடைக்கப் போனேன், நடுவில் கரண்ட் போய் வந்திருக்கிறது, வந்து பார்த்தால் திரையில் 0:00 மின்னுகிறது, உள்ளே பருப்பு பாதி வேக்காடு. விட்ட இடத்திலிருந்து தொடர அதற்குத் தெரியவில்லை. 2023-இல் லோட் ஷெடிங் என்று முறைவைத்து வந்த மின்வெட்டு எங்களை என்ன பாடு படுத்தியது! இந்த நாட்டில் விற்கும் பொருளுக்கு இதுகூடவா யோசிக்கவில்லை?

அப்புறம் அந்தத் தொடுபொத்தான்கள். புளி கரைத்த கையோடு தொட்டால் அசையாது, முந்தானையில் துடைத்துத் துடைத்து நான்காவது தடவைதான் கேட்டது.

அமெரிக்காவில் 2016-இல் ஜூசெரோ என்று ஒரு ஜூஸ் மெஷின் 699 டாலருக்கு வந்தது. அதற்குள் வைத்துப் பிழிய வேண்டிய பாக்கெட்டைக் கையால் பிழிந்தாலே சாறு வருகிறது என்று புளூம்பெர்க் நிருபர்கள் காட்டினார்கள், 2017-இலேயே கம்பெனியை மூடிவிட்டார்கள். அது யாருக்கும் தேவைப்படாத பொருள். இந்தக் குக்கருக்கு எங்கள் வீடுகளில் தேவை இருக்கிறது, அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆதங்கம். செய்தவர்கள் ஒரு சனிக்கிழமை எங்கள் அடுப்படியில் வந்து நின்றிருக்கலாம்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அத்தையின் பழைய விசில் குக்கர் மறுபடி கேஸ் அடுப்பில் ஏறிவிட்டது.