கணவர் கையெழுத்து கேட்காத ஆஸ்பத்திரி

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். மாடியில் டாக்டரம்மா குடியிருக்கிறார், கீழே பன்னிரண்டு கட்டில் போட்ட மகப்பேறு ஆஸ்பத்திரி. விளம்பரம் அவருக்குப் பிடிக்காது என்பதால் பெயர் எழுதவில்லை. போன வருஷம் அங்கே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன். எனக்கு 33 வயது, பிள்ளைகள் இரண்டு, வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தருகிறேன். ஏன் இவ்வளவு என்பதற்கு, இதற்கு முன் போன இரண்டு இடங்களைச் சொல்லியாக வேண்டும்.

மூத்தவன் பிறந்தது ஓர் அரசு மருத்துவமனையில். சுகப்பிரசவம். பைசா செலவில்லை, நர்ஸுகளும் அன்பாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். நாலு மாதம் கழித்து விடாத உதிரப்போக்கு, அடிவயிற்றில் வலி. ஸ்கேன் எடுத்த பெண், "காப்பர் டி இருக்கே, எப்ப போட்டீங்க?" என்று கேட்டார். கர்ப்பப்பைக்குள் வைக்கிற கருத்தடைச் சாதனம் அது. வைத்ததே எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசி வரியில், ஆங்கிலத்தில், பிரசவ தேதியோடு எழுதியிருந்தது. நான் வலியில் கண்ணை மூடிக் கிடந்த நேரத்தில் வைத்திருக்கிறார்கள். போய்க் கேட்டபோது, "எல்லாருக்கும் போடறதுதாங்க, உங்க நல்லதுக்குத்தான்" என்றார்கள். மாசத்துக்கு எத்தனை பேருக்குப் போட்டோம் என்று மேலே எண்ணிக்கை காட்ட வேண்டியிருக்கிறது என்று ஒரு நர்ஸ் தனியாகச் சொன்னார்.

காப்பர் டி கெட்ட பொருள் இல்லை. என் தங்கை தானே கேட்டுப் போட்டுக்கொண்டாள், நன்றாக இருக்கிறாள். என்னிடம் கேட்டிருந்தால் நானும் சரி என்றிருப்பேன். கேட்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

இந்த எண்ணிக்கை வெறி புதிதல்ல. எமர்ஜென்சி காலத்தில், 1976-77 ஒரே ஆண்டில், நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் செய்துகொள்ளாவிட்டால் சம்பளம் நிற்கும் என்று அரசு ஊழியர்களை மிரட்டிய ஊர்கள் உண்டு. 1996ல் மத்திய அரசு இலக்கு வைக்கும் முறையைக் கைவிட்டதாக அறிவித்தது. ஆனால் 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கத்தில் ஒரு முகாமில், ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். முகாமுக்குப் போன பெண்களில் பத்துப் பேருக்கு மேல் வீடு திரும்பவில்லை. கருத்தடை முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016ல் உத்தரவிட்டது.

சரி, இரண்டாவது இடம். 2023ல் மகள் பிறந்தது ஒரு தனியார் மருத்துவமனையில். பிரசவத்தோடு கருத்தடையும் செய்துவிடுங்கள் என்று ஏழாம் மாதத்திலேயே சொல்லி வைத்திருந்தேன். மறுநாள் படிவத்தை நீட்டி, கணவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் அன்றைக்கு நாக்பூர் தாண்டி லோடு இறக்கிக்கொண்டிருந்தார். போனில் பேசினார், சம்மதம் என்றார். ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பாவையாவது கூட்டிட்டு வாங்க" என்றார்கள். "நாளைக்கு உங்க வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டா யாருங்க பதில் சொல்றது?" பச்சை உடம்போடு கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். எனக்குள் ஒன்றை வைக்கும்போது என் கையெழுத்துகூட வேண்டியிருக்கவில்லை. நானாக ஒன்றைக் கேட்கும்போது என் கையெழுத்து மட்டும் போதவில்லை.

அப்புறம்தான் இந்த டாக்டரம்மா. முதல் நாள் அத்தையும் கூட வந்திருந்தார். "அம்மா, நீங்க அஞ்சு நிமிஷம் வெளியில இருங்க" என்று மரியாதையாக அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "யாராச்சும் வற்புறுத்தறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மருந்துச் சீட்டைத் திருப்பி, கர்ப்பப்பை, இரண்டு பக்கமும் குழாய், எந்த இடத்தில் அடைப்பார் என்று பேனாவால் வரைந்தார். அபூர்வமாகத் தவறிப்போய்க் கரு தங்கலாம் என்றார். பிறகு மனசு மாறினால் குழாயை மறுபடி சேர்ப்பது நிச்சயமில்லை என்றார். ஆண்களுக்குச் செய்யும் ஆபரேஷன் இதைவிடச் சுலபம், வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள் என்றும் சொன்னார். பேசினேன், பத்து நாள் யோசித்தேன், நானே செய்துகொள்கிறேன் என்று திரும்பப் போனேன்.

படிவம் தமிழில் இருந்தது. கையெழுத்துப் போட ஒரே கோடு, அதன் கீழே என் பெயர். கணவர் கையெழுத்து வேண்டாமா என்று நானே கேட்டுவிட்டேன், பழகிப்போன பயம். கருத்தடைக்குக் கணவன் அல்லது மனைவியின் சம்மதம் தேவையில்லை என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது என்றார். "டேபிள்ல படுத்தப்புறம் வேண்டாம்னு தோணுனாலும் சொல்லுங்க, எழுந்து போயிடலாம்." இப்படி ஒரு வார்த்தையை எந்த ஆஸ்பத்திரியிலும் நான் கேட்டதில்லை.

கருக்கலைப்புக்கும் இதே கதைதான், வருகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் போதும். மனநலம் பாதிக்கப்பட்டவராக இருந்தால்தான் பாதுகாவலர் கையெழுத்து. குடும்பத்தின் அனுமதி, கூடுதல் ஆவணம் என்று டாக்டர்கள் கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, பிள்ளைகளை அதிகம் பெறுங்கள் என்றார். அதே மாதம் சென்னையில் ஒரு திருமண மேடையில் முதல்வர் ஸ்டாலின், மக்கள்தொகையை வைத்து எம்.பி. தொகுதிகளைப் பிரிக்கும் மறுவரையறையைச் சொல்லி, பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று யோசிக்கும் நிலை வந்துவிட்டது என்ற பொருளில் பேசினார். தொகுதி குறைந்துவிடுமே என்ற கவலை நியாயமானது. அந்தக் கணக்கை டெல்லியில் தீர்த்துக்கொள்ளட்டும், எங்கள் வயிற்றில் வேண்டாம். அன்று "நாம் இருவர் நமக்கு இருவர்" என்று சுவரெல்லாம் எழுதினார்கள். இன்று பெறு என்கிறார்கள். இரண்டு முறையும் என்னை யாரும் கேட்கவில்லை.

ஆபரேஷன், மருந்து, ஒரு நாள் கட்டில் எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் ஆனது. ரசீது கொடுத்தார்கள். கேட்பதற்கு முன்பே படிவத்தின் நகலும் சிகிச்சைக் குறிப்பும் கவரில் போட்டுத் தந்தார்கள். மற்ற இடங்களில் தரத் தயங்கினால் எழுதிக் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது.

அரை மதிப்பெண் குறைத்தது வாசலில் இருக்கும் ஏழு படிக்காக. தையலோடு இறங்குவது கஷ்டம், பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் அள்ளும். வார நாளில் காலை பத்து மணிக்குள் போனால் டாக்டரம்மா நிதானமாகப் பேசுவார்.