என்ஜினைக் கழற்றி ஸ்ப்ரேயா, இருந்த இடத்திலேயே பிரஷ்ஷா?

இலங்கை மலைநாட்டு ஹட்டனில் நான் ஓட்டுவது 1982ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, கேஈ70. வெள்ளை நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பொனட்டைத் தூக்கினால்தான் மானம் போகும். நாற்பது வருட ஒயில் கசிவும் தேயிலைத் தோட்டத்து ரோட்டுச் செம்மண்ணும் சேர்ந்து களியாகிக் கிடந்தது. பெட்டரி தட்டைத் தூக்கிப் பார்த்தபோது அதன் அடியில் தகடு பொரிந்துபோயிருந்தது. இனியும் விட்டால் ஓட்டை விழும் என்று தெரிந்ததும் இரண்டு வழிகளை வைத்து யோசித்தேன். ஒன்று, கராஜில் விட்டு என்ஜினை வெளியே எடுத்து, பொனட்டுக்குக் கீழுள்ள தகட்டுக்கு 2கே பெயின்ட், அதாவது இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் பெயின்ட், ஸ்ப்ரே பண்ணுவது. மற்றது, என்ஜின் இருந்த இடத்திலேயே இருக்க, நானே சுரண்டிக் கழுவி, பிரஷ்ஷால் சிந்தெடிக் எனாமல் பூசுவது. நான் செய்தது இரண்டாவது. இரண்டு வருடம் ஆகிறது. அதன் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன், தெரிந்துகொண்டே வாசியுங்கள்.

ஸ்ப்ரேயின் அழகை மறுக்க முடியாது. என் மச்சான் தன் லான்சர் பொக்ஸ் காரைக் கண்டியில் ஒரு கராஜில் விட்டு எடுத்தார். என்ஜின் வெளியே போனதால் சந்துபொந்தெல்லாம் கிடைத்தது, பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கூலி அதற்கேற்ற கூலி. எனக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. பிஸ்டன் ரிங் மாற்றவோ கிளச் பார்க்கவோ எப்படியும் என்ஜின் வெளியே வரப்போகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்ப்ரே பண்ணிவிடுங்கள். அதை வீட்டில் மட்டும் முயல வேண்டாம். 2கே ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைப் பிடிக்கும், துணியைக் கட்டிக்கொண்டு அடிக்கிற விஷயமில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளுக்கு நடுவே என்றால் நினைத்தும் பார்க்கக் கூடாது.

என் காரின் அமைப்பும் எனக்குச் சாதகம். 1290 சிசி 4கே என்ஜின் சின்னது, நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. ரேடியேட்டர், பெட்டரி, ஏர் கிளீனர் மூன்றையும் கழற்றினால் இரண்டு பக்கமும் முழங்கை வரை கை போகும். நிஸான் சனி பி11 மாதிரி என்ஜின் குறுக்காகக் கிடக்கும் கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது. அங்கே பிரஷ் போகும் இடத்தைவிடப் போகாத இடம்தான் அதிகம்.

கழுவுவதில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சோம்பேறித்தனத்தில் முதலில் ஒரு சேர்விஸ் ஸ்டேஷனில் விட்டு வேகத் தண்ணீர் அடித்துவிட்டேன். பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் தண்ணீர் போய், வீட்டுக்கு ஏறும் மேட்டில் கார் இருமி இருமி நின்றுவிட்டது. பின்னால் பஸ். அந்த ஹோர்ன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பெரிய அழுக்கு மட்டும்தான் போயிருந்தது, களி அப்படியே இருந்தது. அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர், காபரேட்டர், ஒல்டர்நேட்டர் மூன்றையும் பொலித்தீன் பையால் கட்டிவிட்டு, மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷுமாக இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தேன். மண்ணெண்ணெய் ரப்பர் ஹோஸில் ஊறினால் அது உப்பிவிடும், உடனே துடைக்க வேண்டும். அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலத்தின் மேல் எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது. அதனால் பிறகு சவர்க்காரத் தண்ணீர், காய்ந்தபின் தின்னர் தோய்த்த துணி. பெட்டரி தட்டின் கீழே அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன், அசிட் மிச்சம் இருந்ததால் புசுபுசுவென்று நுரைத்தது. நுரை அடங்கும்வரை ஊற்றிக் கழுவி, துருவைச் சுரண்டி, மிச்சத் துருவை மாற்றும் கன்வர்ட்டர் பூசி, அது கறுத்துக் காய்ந்ததும் அடிப்பூச்சாக ரெட் ஒக்சைட்.

இந்த மலையில் பெயின்ட் வேலைக்கு முதல் எதிரி மூடுபனி. நைட்ரோ செல்லுலோஸ் பெயின்ட் சீக்கிரம் காயும் என்று அதையும் ஒரு பேச்சுக்கு யோசித்தேன். அதன் தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பூசிய இடம் பால் மாதிரி வெளுத்துவிடும். பெட்ரோல் சிந்தினாலும் பழுதாகும். அதோடு விட்டுவிட்டேன். 2கேயும் ஈரத்துக்குப் பயந்ததுதான். ஹார்டனர் தண்ணீரோடு சேர்ந்தால் வாயு கிளம்பிக் குமிழ் விடும். எனாமல் ஒன்றும் வீரனில்லை, குளிரில் காயவே காயாது. டின்னில் போட்டிருந்த நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொண்டேன். தகட்டின் சூடு, காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிப்புள்ளியைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் வேலையில் பொது விதி. இங்கே மே முதல் செப்டெம்பர் வரை அதை நம்பி இறங்க முடியாது. நான் பெப்ரவரியில், காலை பத்துக்குப் பிறகு தொடங்கி மூன்று மணிக்கு முன் பிரஷ்ஷைக் கழுவினேன். தொட்டால் ஒட்டாத பதம் வந்தபின் ஒரு குண்டு பல்பைத் தகட்டில் முட்டாமல் தொங்கவிட்டு, பொனட்டைப் பாதி சாத்தி, தேயிலைக் கொழுந்து வாட்டுவதுபோல வாட்டினேன்.

இதெல்லாம் ஒரு முறை படும் பாடு. என்னை முடிவெடுக்க வைத்தது அதற்குப் பிறகு வரும் வருடங்கள். பொனட்டுக்குள் பூசிய பெயின்ட்டைத் தினமும் ஏதாவது ஒன்று கடித்துக்கொண்டே இருக்கும். ஸ்பானர் வழுக்கும். பெட்டரி அசிட் கசியும். எல்லாவற்றையும்விட மோசம் பிரேக் ஒயில். இறக்கத்துக்கு இறக்கம் பிரேக்கும் கிளச்சும் மிதிக்கிற ஊரில் பழைய சிலிண்டர் சீல் எத்தனை நாள் தாங்கும்? நேர்மையாகச் சொன்னால் இந்த இடத்தில் 2கேதான் கெட்டி. நன்றாக இறுகிய 2கே பிரேக் ஒயிலை எனாமலைவிட எவ்வளவோ நேரம் தாங்கும். எனாமல் சீக்கிரமே சுருங்கிவிடும்.

எனக்கு நடந்தது அதுதான். போன ஓகஸ்டில் கிளச் மாஸ்டர் சிலிண்டர், அதிலும் இருப்பது பிரேக் ஒயில்தான், ராத்திரியோடு ராத்திரியாகக் கசிந்து, காலையில் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. பிரேக் ஒயில் தண்ணீரில் கரையும், அதனால் முதலில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினேன். சீல் மாற்றினேன். அடுத்து வந்த வெயில் ஞாயிறில் சேண்ட் பேப்பர் போட்டு, ரெட் ஒக்சைட் ஒரு கை, மறுநாள் எனாமல் ஒரு கை. டின் வீட்டுத் தட்டில் இருந்தது, பிரஷ் இருந்தது, யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மச்சானுக்கும் பெட்டரி தட்டில் ஒரு சில்லு பெயர்ந்தது. கராஜில் மிச்சப் பெயின்ட்டும் ஹார்டனரும் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் ஒரு முறை மூடி திறந்த ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும். நுவரெலியாப் பக்கம் அவருடைய வீட்டில் ஈரத்துக்குக் குறைச்சலா? சில மாதத்தில் அது வெளுத்து, கெட்டியாகிப் பயனில்லாமல் போனது. இந்தச் சின்ன இடத்துக்காக மறுபடி கண்டிக்கு இறங்க வேண்டுமா என்று அவர் தள்ளிப்போட, பெயின்ட்டுக்கு அடியில் துரு ஊர்ந்து, இன்று அது ஐந்து ரூபாய்க் குற்றியளவு கொப்புளம். கடினமான படலம் என்பதால் அடியில் நடப்பது மேலே தெரியவும் இல்லை. புது ஹார்டனர் வாங்கி, கலந்து, சில மணி நேரத்துக்குள் பூசி, மிச்சத்தைக் கொட்டினால் அவருக்கும் வேலை முடியும்தான். ஒரு விரல் அகல இடத்துக்கு எத்தனை பேர் அதைச் செய்வார்கள்?

எனாமலின் குறைகளையும் சொல்ல வேண்டும். எண்ணெய்ப் பசை கொண்ட எனாமல் இருட்டிலும் சூட்டிலும் மஞ்சளாகும், பொனட்டின் கீழே இரண்டும் தாராளம். சூடான புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்துத் தகடு இப்போதே பழைய பல் நிறத்துக்கு வந்துவிட்டது. மேனிஃபோல்டின் மேல் அதைப் பூசிவிடாதீர்கள், புகைந்து உரியும். பிரஷ் கோடும் தெரிகிறது. டர்பன்டைன் கொஞ்சம் கூடுதலாகக் கலந்து, குதிரை முடிப் பிரஷ்ஷால் இழுத்தபோது குறைந்தது, போகவில்லை. என் அனுபவம் இரண்டு வருடம்தான். பத்து வருடத்தில் எந்தப் பெயின்ட் நிற்கும் என்று கேட்டால், 2கே என்றுதான் நானும் பந்தயம் கட்டுவேன்.

விற்கிற கணக்கு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய கார்களுக்கு வந்த மவுசு தெரிந்ததே. வாங்க வருபவர் பொனட்டைத் தூக்கியதும் உள்ளே பளபளவென்று இருந்தால் சந்தோஷப்படுவார் என்று நினைக்காதீர்கள். எங்கே இடிபட்டது, எதை மூடியிருக்கிறார்கள் என்றுதான் தேடுவார். இரண்டு வழியிலும் செசி நம்பரை டேப் ஒட்டி மறைத்துவிட்டுப் பூசுங்கள், வேலை தொடங்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

வரும் பெப்ரவரியில் மஞ்சளான அந்தப் பக்கத்துக்கு இன்னொரு கை போட வேண்டும். டின்னில் இரண்டு விரல் உயரத்துக்குப் பெயின்ட் இருக்கிறது. மூடியைத் திறந்தால் மேலே பாலாடை மாதிரி ஆடை படிந்திருக்கும். அதைக் குச்சியால் சுருட்டி எடுத்துப்போட்டு, பழைய துணியில் வடிகட்டிக்கொண்டால் போதும்.