பாதி விலை மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பாக்கெட்டில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன மடக்குக் கத்தி தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பெரிய ஆன்லைன் சந்தை ஒன்றில், நட்சத்திர மதிப்பீடு நன்றாகவே இருந்த ஒரு விற்பனையாளரிடம் இரண்டு கத்திகள் வாங்கினேன். இரண்டுமே போலி. அதில் ஒன்று எங்கள் கடையில் வேலை பார்க்கும் தம்பியின் ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. தையல் போட வேண்டியதாயிற்று.

ஈரோட்டில் எங்களுக்கு ஜவுளி மொத்த வியாபாரம். பேல் கட்டைப் பிரிக்க, சணல் கயிறு அறுக்க, அட்டைப்பெட்டி டேப்பைக் கிழிக்க, மத்தியானம் ஒரு கொய்யாவை நறுக்க என்று நாள் முழுக்கக் கத்தி கையில்தான் இருக்கும். என்னிடம் பல வருஷமாக இருப்பது ஓபினல் எட்டாம் நம்பர். கடையில் பில் போட்டு வாங்கியது. பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஆரம்பித்த கம்பெனி. எட்டரை சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டும் அலகு, பீச் மரக் கைப்பிடி, கழுத்தில் ஒரு இரும்பு வளையம். கத்தியை விரித்து வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. 1955இல் வந்த அந்த ஏற்பாட்டில் கெட்டுப்போக எதுவுமே இல்லை. குறை என்றால், மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து ஊதிவிடும், அலகை வெளியே இழுக்கச் சிரமம். கார்பன் ஸ்டீல் அலகாக இருந்தால் மாங்காய் நறுக்கியதும் கறுத்துவிடும், துடைக்காமல் வைத்தால் துரு. அதனால்தான் துருப்பிடிக்காத வகையில் இன்னும் இரண்டு வாங்கி, மூன்றையும் வைத்துப் பார்த்து, கடைப் பையன்களுக்கு எது சரிப்படுமோ அதை எடுக்கலாம் என்று நினைத்தேன்.

முதலாவது, விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் கம்பெனியின் ஸ்பார்ட்டன் மடக்குக் கத்தி என்று சொல்லி விற்றது. மடக்கிய நிலையில் 91 மில்லிமீட்டர் நீளம். பெரிய அலகு, சின்ன அலகு, டின் திறப்பான், பாட்டில் திறப்பான், கார்க் திருகி எல்லாம் அதில் உண்டு. நம் ஊரில் கார்க் திருகிக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். இறுகிப்போன கயிற்று முடிச்சை அவிழ்க்க அதைவிட நல்ல சாமான் கிடையாது.

வந்ததைக் கையில் எடுத்ததுமே உறுத்தியது. அசல் கத்தியில் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், அலகு முழுக்க விரிந்ததும் 'டக்' என்று உட்காரும். இது தொளதொளவென்று ஆடியது. அசலில் பெரிய அலகின் அடிப்பாகத்தில், நகம் வைத்து இழுக்கும் பள்ளத்துக்குக் கீழே, கம்பெனி பெயரும் சுவிட்சர்லாந்தில் செய்தது என்ற வரியும் உலோகத்திலேயே பதித்திருக்கும். இதில் 'ஸ்டெயின்லெஸ்' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். சிவப்புக் கைப்பிடியில் சிலுவை இருந்தது, அதைச் சுற்றியிருக்க வேண்டிய கேடயத்தைக் காணோம். பல் குத்தும் குச்சியும் சாமணமும் செருகிய இடத்தில் நிற்காமல் கீழே விழுந்தன. சணல் கயிறு கொஞ்சம் அறுத்ததுமே கூர் மழுங்கிவிட்டது. சாணைக்கல்லில் தேய்த்தால் உடனே கூர் வருகிறது, உடனே போகிறது. மட்டமான இளகிய ஸ்டீல் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

இரண்டாவதுதான் ஆபத்தானது. 'டமாஸ்கஸ் ஸ்டீல், 440சி, லைனர் லாக்' என்று போட்டிருந்தார்கள். இந்த வரியிலேயே பொய் இருக்கிறது. டமாஸ்கஸ் என்று இன்று விற்பது இரண்டு வகை ஸ்டீலை அடுக்கடுக்காகக் காய்ச்சி அடித்துச் செய்வது. 440சி என்பது தனி ஒரு ஸ்டீல். அலகு முழுவதும் இரண்டாகவும் இருக்க முடியாது. அசல் டமாஸ்கஸில் அந்த அலைக்கோலம் உலோகத்துக்குள்ளேயே ஓடும், அலகின் முதுகைப் பார்த்தாலும் கோடுகள் தெரியும். என்னிடம் வந்ததில் பக்கவாட்டில் மட்டும் கோலம், முதுகு வெறுமையாகப் பளபளத்தது. ஒரு மூலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், கோலம் அழிந்தது. லேசரில் வரைந்துவிட்டிருக்கிறார்கள்.

440 என்ற எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பல பேர் இதை நம்பித்தான் வாங்குகிறார்கள். 440ஏ, 440பி, 440சி என்று மூன்று உண்டு. ஏ வகையில் கார்பன் 0.60 முதல் 0.75 சதவீதம், சி வகையில் 0.95 முதல் 1.20 சதவீதம். கூர் நிற்பதில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். பின்னால் எழுத்தே இல்லாமல் வெறும் '440' என்று அலகில் குத்தியிருந்தால் உயர்ந்த வகை என்று எண்ணிவிடாதீர்கள். எந்த ஸ்டீலிலும் எந்த எண்ணையும் குத்தலாம், தடுக்க ஆள் கிடையாது.

சரி, விரலுக்கு வருகிறேன். லைனர் லாக் என்பது கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு. அலகு விரிந்ததும் அது பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடிக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். நன்றாகச் செய்த கத்தியில் தகடு அடிப்பாகத்தை அழுத்தமாகப் பிடிக்கும். இதில் ஓரத்தை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது. தம்பி ஒரு பேல் கட்டின் பிளாஸ்டிக் பட்டையை அறுக்கும்போது கத்தி சிக்கியது. வெளியே இழுத்தான், அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தது, தகடு நழுவியது, அலகு அப்படியே மடங்கி விரல்மேல் விழுந்தது. "அண்ணே, லாக் போட்டுத்தான் வெச்சிருந்தேன், தானா மடங்கிருச்சு" என்று விரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் சொன்னது உண்மை. அப்புறம் நான் அந்தக் கத்தியை விரித்து, மடங்கும் வழியில் விரல் வராதபடி பிடித்துக்கொண்டு, முதுகை ஒரு கணக்குப் புத்தகத்தின் மேல் மெதுவாகத் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் மடங்கியது. எந்த லாக் கத்தி வாங்கினாலும் வேலைக்கு எடுப்பதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். லாக்கே இல்லாத கத்தி எவ்வளவோ மேல், அதைப் பிடிக்கும் கை ஜாக்கிரதையாக இருக்கும். பொய்யான லாக் அந்த ஜாக்கிரதையைப் பறித்துவிடுகிறது. என் கோபமெல்லாம் இதனால்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "உபயோகப்படுத்திய பொருள் சார், திரும்ப எடுக்க மாட்டோம்" என்று விற்பனையாளர் எழுதினார். கத்தியை உபயோகிக்காமல் அது கத்திதானா என்று எப்படித் தெரியும்? சந்தையின் வாடிக்கையாளர் சேவையில் பேசினால், அதே மாடலில் வேறு ஒன்று அனுப்புகிறோம் என்கிறார்கள். இன்னொரு விரல் வேண்டுமா?

அப்போதுதான் பெட்டியை நிதானமாகப் பார்த்தேன். இறக்குமதி செய்த பொருளின் உறையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. இரண்டு பெட்டியிலும் ஒன்றுமே இல்லை. ஆன்லைன் வியாபாரத்துக்கென்று 2020இல் வந்த நுகர்வோர் விதிகளும் விற்பவரின் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதையெல்லாம் காட்டச் சொல்கின்றன. சந்தையின் குறைதீர்ப்பு அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதையெல்லாம் எழுதி, பெட்டி, அலகு, முதுகு என்று படங்கள் சேர்த்துச் சந்தைக்கு அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகுதான் சிவப்புக் கத்தியின் பணம் வந்தது. டமாஸ்கஸ் கத்திக்கு இன்னும் பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது.

கடைப் பையன்களுக்கு ஓபினலே வாங்கிக் கொடுத்துவிட்டேன், துருப்பிடிக்காத அலகு உள்ளது, பில்லோடு. மெட்ரோவிலும் விமானத்திலும் ஏறும்போது மட்டும் பையில் இருக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த விற்பனையாளர் இப்போது வேறு பெயரில் அதே பொருளை விற்றுக்கொண்டிருக்கிறார். படங்கள் அதேதான்: கறுப்பு வெல்வெட் துணிமேல் சாய்த்து வைத்த அலைக்கோலக் கத்தி, பக்கத்தில் ஒரு தோல் உறை. முதுகைக் காட்டும் படம் ஒன்றுகூட இருக்காது. ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தால் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவையுங்கள், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். லாக்கைத் தட்டிப் பார்க்காமல் அந்தக் கத்தியை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.