பழைய கணினிக்கு நினைவக சிப் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்: என் 6,400 ரூபாய் போயே போய்விட்டது

வயிறு எரிகிறது. 6,400 ரூபாய்!

டேண்டி மாடல் 100 வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். 1983இல் வந்த அந்தக் கையடக்கக் கணினியில் வட்டு கிடையாது; எழுதியதெல்லாம் ராமிலேயே (மின்சாரம் போனால் அழிந்துவிடும் நினைவகம்) கிடக்கும். அணைத்த பிறகும் அதைக் காப்பாற்றுவது உள்ளிருக்கும் சின்ன நிக்கல் காட்மியம் பேட்டரிதான். 8 கேபி (கிலோபைட்) நினைவகத்தை 32 வரை கூட்டலாம். ஆனால் அசல் நினைவக மாட்யூலின் கால் வரிசை (எந்தக் கம்பி எதற்கு என்ற ஒழுங்கு) சாதாரண சிப்புக்குப் பொருந்தாது. அதனால்தான் 62256 என்ற 32 கேபி நினைவக சிப்பை வைத்து நானே ஒரு போர்டு வரைந்தேன். ஓய்வில் சில மைக்ரோ ஆம்பியர் மட்டுமே இழுக்கும் ரகம்தான் வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி தாங்காது.

இணையச் சந்தை ஒன்றில் உதிரிபாகம் விற்கும் ஒருவரிடம் விசாரித்தேன். நான் கேட்பதற்கு முன்பே, "பேட்டரியில் ஓடும் போர்டா சார்? அப்படியானால் சாதாரண ரகம் வேண்டாம், குறைந்த மின்சார ரகமே வாங்குங்கள்" என்றார். விஷயம் தெரிந்தவர் என்று அந்த இடத்தில்தான் நம்பினேன். நண்பர்களுக்கும் சேர்த்து 16 சிப், 6,400 ரூபாய்.

போர்டு தயாராகி வந்ததும் பொருத்தினேன். கணினி 32 கேபி காட்டியது. மறுநாள் காலையில் எல்லாக் கோப்புகளும் காலி. மல்டிமீட்டரை வைத்தால் ஓய்விலேயே மில்லி ஆம்பியர் கணக்கில் இழுக்கிறது, மைக்ரோவைப் போல ஆயிரம் மடங்கு அலகு! பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தேன். கறுப்புப் பூச்சு கரைந்து, அடியில் தேய்த்த கோடுகளும் வேறொரு எண்ணின் பாதியும் தெரிந்தன. மேலே எல்லாவற்றிலும் ஒரே தேதி. திருப்பினால் ஒன்றில் கொரியா, இன்னொன்றில் மலேசியா. வேறு ஏதோ சிப்புகளின் எழுத்தைத் தேய்த்துவிட்டுப் புதுப் பெயர் அச்சிட்டிருக்கிறார்கள்.

விற்றவரைக் கேட்டதற்கு, முதலில் "உங்கள் சாலிடரிங் சரியில்லை" என்றார். பிறகு வீடியோ கேட்டார், அனுப்பினேன். கடைசியில், "திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது" என்றார். சந்தைக்காரர்களோ, "வாடிக்கையாளரே, உங்கள் சிரமம் புரிகிறது" என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டுப் புகாரை மூடிவிட்டார்கள். 6,400 ரூபாயில் ஒரு பைசா திரும்பவில்லை.

விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. சிப் வந்த அன்றே அசிட்டோனால் துடைத்துப் பாருங்கள். அடிப்பக்கத்தைப் பாருங்கள். போர்டு வரும்வரை காத்திருக்காமல் வெறும் சிப்பிலேயே மின்னோட்டத்தை அளந்துவிடுங்கள். ஒன்றிரண்டு மட்டும் வாங்குங்கள்.

அதே ஆள் அதே படத்தோடு இன்றும் விற்கிறார். விலையை வேறு ஏற்றியிருக்கிறார்.